அடுப்பை அளந்தவர்கள்

1959ஆம் ஆண்டு, இதய மருத்துவத்துக்கான அமெரிக்க ஆய்விதழ் ‘சர்க்குலேஷன்’ டெல்லியிலிருந்து வந்த ஒரு கட்டுரையை வெளியிட்டது. 127 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை. நாள்பட்ட நுரையீரல் கோளாறால் இதயத்தின் வலதுபக்கம் வீங்கித் தளர்ந்துபோகும் நோய் அவர்களுக்கு. மருத்துவர்கள் அதை ‘கார் புல்மொனேல்’ என்பார்கள். மேலைநாட்டு மருத்துவ நூல்களில் அன்றைக்கு இது பெரும்பாலும் ஆண்களின் நோய்; புகைபிடிப்பவர்களின், சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களின் நோய். டெல்லியிலோ பெண்களும் ஏறக்குறைய ஆண்கள் அளவுக்கே வந்து படுத்திருந்தார்கள். ஆண்களைவிட இளம்வயதிலேயே வந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பீடியைத் தொட்டதே இல்லை. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள். நோயின் மூலத்தைத் தேடிப்போன மருத்துவர்கள் அடுப்படிக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

எழுதியவர்கள் இருவர்: எஸ். பத்மாவதி, எஸ்.என். பதக். பத்மாவதி 1917இல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படித்தவர். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது தாயோடும் சகோதரிகளோடும் கோயம்புத்தூருக்கு ஓடிவந்தவர். பிறகு டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர் என்று அவரைப் பாராட்டிப் பலர் எழுதியிருக்கிறார்கள். பத்ம விபூஷண் விருதும் கொடுத்தார்கள். அந்த 127 பேரைப் பற்றிய கட்டுரையைப் பாராட்டுரைகளில் அதிகம் காணோம். பெண்களுக்கான மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து, மூச்சிரைக்க வந்தவளிடம் ‘வீட்டில் என்ன அடுப்பு?’ என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் அதற்கு முன்பும் அதற்குப் பிறகும் இந்தியாவில் அடுப்பைப் பற்றி நிறையப் பேர் கவலைப்பட்டிருக்கிறார்கள். பொறியாளர்கள், காந்தியவாதிகள், வனத்துறையினர், பொருளியலாளர்கள் என்று பெரிய கூட்டம். புகையில்லா அடுப்பு என்ற பெயரில் மட்டும் எத்தனையோ வடிவங்களை உருவாக்கியிருக்கிறார்கள். இவற்றின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த அடுப்பைச் செய்தவர் எதை அளந்தார்? விறகை அளந்தாரா, தண்ணீர் கொதிக்க ஆன நேரத்தை அளந்தாரா, கட்டிமுடித்த அடுப்புகளின் எண்ணிக்கையை அளந்தாரா? முன்னால் குத்தவைத்திருந்தவளின் மூச்சை அளந்தாரா?

அடுப்பு எப்படிப் புகைகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறியதும் அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. அந்த வாயுக்கள்தான் தீச்சுவாலையாக எரிகின்றன. அவை முழுக்க எரிய வேண்டுமானால் நல்ல சூடு வேண்டும், போதிய காற்று வேண்டும், இரண்டும் கலந்து எரிந்துமுடிய இடமும் நேரமும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் எரியாமல் தப்பிப்போகும் மிச்சம்தான் புகை. ஈர விறகு சூட்டைத் தின்கிறது, புகை வருகிறது. விறகை வாய் நிறையத் திணித்தால் காற்று போகாது, புகை வருகிறது. சுவாலை எரிந்துமுடியும் முன்பே குளிர்ந்த பானையின் அடியில் மோதினால் அணைந்துபோய் கரியாகப் படிகிறது, மீதி புகையாகிறது. ஊதாங்குழலை வைத்து ஊதும் பெண் இந்தக் கணக்குகளையெல்லாம் தன் கன்னத்தாலும் கண்ணாலும் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று கல் வைத்த அடுப்பை எல்லாரும் திட்டுவார்கள். ஆனால் அதில் காய்ந்த விறகை அளவாக வைத்து எரித்தால், விறகிலுள்ள கரிமத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஒழுங்காகவே எரிந்துவிடுகிறது. எரியாத அந்தச் சிறு பங்கே அடுப்படியை இருட்டாக்கப் போதும் என்பது வேறு விஷயம். மூன்று கல் அடுப்பின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. உண்டான சூட்டில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் பானைக்குள் போகிறது. மீதி சுற்றிலும் பரவிவிடுகிறது. ஆக, அடுப்பைத் ‘திருத்த’ இரண்டு வழிகள் உண்டு. நன்றாக எரியச் செய்வது ஒன்று. சூட்டைப் பானைக்குள் செலுத்துவது மற்றொன்று. முதலாவது மூச்சுக்கு நல்லது. இரண்டாவது விறகுக்கு நல்லது. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருந்ததில்தான் பல வருடங்கள் போயின. பானையைத் தீக்கு நெருக்கமாக இறக்கி, காற்று வரும் சந்தையெல்லாம் அடைத்தால் விறகு மிச்சமாகும். ஆனால் சுவாலை பாதியிலேயே அணைந்து புகை கூடும்.

பெண்கள் அடுப்பைத் திருத்தாமலா இருந்தார்கள்? மண் பிசைந்து அடுப்பு போடுவது நம் ஊர்களில் பெண்கள் வேலை. களிமண்ணும் வைக்கோல் கூளமும் சாணியும் என்ன கணக்கில் சேர வேண்டும், குமிழ் எவ்வளவு உயரம் நின்றால் பானைக்கும் விளிம்புக்கும் நடுவே தீ மூச்சுவிடும் என்பதெல்லாம் கைக்கணக்கு. கொடியடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாயில் தீ எரியும். உள்ளே ஒரு பொந்து வழியாகச் சூடு பக்கத்துக் குழிக்குப் போகும். முன்னதில் சோறு கொதிக்கும்போது கொடியில் குழம்பு சுண்டும், பால் காயும். ஒரு தீயில் இரண்டு பானை என்பதை ஆய்வகங்கள் கண்டுபிடிப்பாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பே இது நம் அடுப்படிகளில் இருந்தது. கண்டுபிடித்தவள் பெயர் தெரியாது. காப்புரிமை பற்றிப் பேசும் வகுப்புகளில் மாணவிகளுக்கு இதை ஒரு கேள்வியாகக் கொடுக்கலாம்.

படித்தவர்கள் அடுப்புக்குள் கைவைத்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். வார்தாவில் காந்தி 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அச்சங்கம் இருந்த இடம் மகன்வாடி. அங்கே உருவான புகைபோக்கி வைத்த மண்ணடுப்புக்கு ‘மகன் சூல்ஹா’ என்று பெயர். (மகன் என்றதும் நம் மகனை நினைக்க வேண்டாம், காந்தியின் உறவினர் மகன்லால் காந்தியின் பெயர் அது. அடுப்புக்கு மகள் பெயரையும் யாரும் வைக்கவில்லை.) அடுத்து ஹைதராபாத் பொறியியல் ஆய்வகத்தில் எஸ்.பி. ராஜு ஓர் அடுப்பை வடிவமைத்தார். பல பானைகளை வரிசையாக வைக்கலாம், கடைசியில் புகைபோக்கி. அதை விளக்கி அவர் எழுதிய சிறுநூலைச் சென்னையின் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1953இல் வெளியிட்டது. ‘லட்சோபலட்சம் பேருக்குப் புகையில்லா அடுக்களைகள்’ என்பது தலைப்பின் பொருள்.

இந்த முதல் தலைமுறையிடம் எனக்கு மரியாதை உண்டு. புகையைத்தான் அவர்கள் தலைப்பிலேயே வைத்தார்கள். கரி பிடித்த சுவரையும் சிவந்த கண்ணையும் பார்த்து வந்த அக்கறை அது. ஆனாலும் நல்ல அடுக்களை என்ற கற்பனையில் சமைப்பவள் அங்கேயே இருந்தாள், உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அவள் செய்யும் வேலையைக் குறைப்பதோ பங்கிடுவதோ யார் வரைபடத்திலும் வரவில்லை.

புகைபோக்கி எளிய கருவி மாதிரித் தெரியும். உள்ளே சூடான காற்று இலேசாகி மேலே போகிறது. அந்த இழுப்பில் அடுப்புக்குள் புதுக்காற்று நுழைகிறது. இழுப்பு குறைந்தால் புகை திரும்பி முகத்தில் அடிக்கும். இழுப்பு கூடினால் சூடும் சேர்ந்து வெளியேறி விறகு இரட்டிப்பாகச் செலவாகும். அதனால் நடுவே ஒரு தடுப்புத் தகடு வேண்டும். அதைத் தீயின் போக்குக்கு ஏற்ப ஏற்றி இறக்க வேண்டும். உள்ளே கரியும் தாரும் படியும். வறட்டி எரித்தால் இன்னும் சீக்கிரம் படியும். மாதத்துக்கு ஒருமுறையாவது துடைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். கூரை வேய்ந்த வீட்டில் குழாய் சரியாக நிற்காவிட்டால் தீப்பொறிக்குப் பயப்பட வேண்டும். இவ்வளவும் யார் செய்வது? குழாயைத் துடைக்கக் கூரைமேல் ஏற வேண்டும். பெண் கூரைமேல் ஏறுவதை ஊர் ஒப்புக்கொள்ளாது. ஆணுக்கோ அடைப்பு தெரியாது, ஏனென்றால் புகை அவன் கண்ணில் படவில்லை.

1970களில் எண்ணெய் விலை ஏறியது. 1975இல் எரிக் எக்ஹோம் என்ற அமெரிக்கர் விறகுதான் ஏழை நாடுகளின் ‘மற்றொரு ஆற்றல் நெருக்கடி’ என்று எழுதினார். ஏழைகள் அடுப்பெரிப்பதால் காடு அழிகிறது என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. காட்டை அழித்ததில் மர வியாபாரத்துக்கும் நிலம் திருத்தியதற்கும் இருந்த பங்கு எவ்வளவு, சுள்ளி பொறுக்கியவளின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி பிறகுதான் வந்தது. அதற்குள் அடுப்பு வனத்துறைப் பிரச்சினையாகிவிட்டது. புகை பின்னுக்குப் போய் விறகு முன்னுக்கு வந்தது.

இந்திய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தை 1983இன் கடைசியில் தொடங்கியது. நிலையான மண்ணடுப்பென்றால் சூட்டில் நூற்றுக்கு 20 பங்காவது பானைக்குப் போக வேண்டும், எடுத்துச்செல்லும் உலோக அடுப்பென்றால் 25 பங்கு. சோதனை எப்படி? எடைபோட்ட விறகு, அளந்த தண்ணீர், கொதிக்க வைத்துக் கணக்கெடுப்பார்கள். ஆய்வகத்தில் கொதித்தது தண்ணீர். வீட்டில் கொதிப்பது கேழ்வரகுக் கூழ். இரண்டு கையால் துடுப்பைப் பிடித்துக் கிண்டும்போது பானை ஆடும், அடுப்பின் விளிம்பு உடையும். ஆய்வகத்தில் விறகு ஒரே அளவாக வெட்டிக் காயவைத்தது. வீட்டில் சீமைக்கருவேல முள், தென்னமட்டை, பருத்திமாறு, மழைக்காலமென்றால் எது கிடைக்கிறதோ அது. புகைக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்று எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடின் அளவைத் தர நிர்ணயத்தில் சேர்த்தது 1991இல். அதுவும் எடுத்துச்செல்லும் அடுப்புகளுக்குத்தான்.

இந்தத் திட்டத்தைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியபோது புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் அத்தையிடம் கேட்டேன். எண்பதுகளில் அவர் வீட்டிலும் யாரோ வந்து புகைபோக்கி அடுப்பு ஒன்று கட்டிக்கொடுத்திருந்தார்கள். எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. மாமா பெயரில் எழுதிக்கொண்டு போனதாக மட்டும் நினைவு. “ரெண்டு ஓட்டை அடுப்புடீ ஆத்தா. காலையில கஞ்சிக்கு ஒத்தப் பானைதான் வைப்பேன். இன்னொரு ஓட்டை வழியா பொகை அம்புட்டும் மூஞ்சியில அடிக்கும். அதுக்குமேல சும்மா ஒரு சட்டியைக் கவுத்து வச்சேன். அது வெடிச்சுப்போச்சு” என்றார். விறகு நுழையும் வாய் சின்னது. கருவேலங்கட்டையை அந்த அளவுக்குப் பிளக்க அரைமணி நேரம் கூடுதலாகக் கோடாலி பிடிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் கடப்பாறையால் வாயை அகலப்படுத்திவிட்டார். அதோடு இழுப்பு போயிற்று. இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு அடுப்பையே இடித்துவிட்டுப் பழையபடி கொடியடுப்பு போட்டுக்கொண்டார். புகைபோக்கியின் சிமெண்டுக் குழாய் கொல்லையில் கிடந்தது. அதற்குள் கோழி முட்டையிடும் என்று சிரித்தார்.

அறிக்கைகளில் இப்படிப்பட்ட பெண்களுக்கு ஒரு பெயர் உண்டு: பயன்படுத்தத் தெரியாதவர்கள். விழிப்புணர்வு இல்லை, பழக்கத்தை விட மாட்டார்கள், பயிற்சி போதாது என்று எழுதுவார்கள். ஒற்றைப் பானைக்கு இரண்டு வாயுள்ள அடுப்பைக் கொடுத்தவருக்கு என்ன விழிப்புணர்வு வேண்டும் என்று அங்கே யாரும் எழுதுவதில்லை. என் அத்தை கடப்பாறை எடுத்ததை நான் வடிவமைப்பு பற்றிய ஒரு விமர்சனமாகவே படிக்கிறேன். கோடாலி பிடிக்கும் அரைமணி நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் அந்த அடுப்பு எதை மிச்சப்படுத்தியது?

சுமார் இருபது ஆண்டுகளில் நாடெங்கும் மூன்று கோடிக்கும் அதிகமான அடுப்புகளைக் கட்டியதாகக் கணக்குக் காட்டினார்கள். 2002இல் மத்திய அரசு திட்டத்தைக் கைவிட்டு மாநிலங்களிடம் விட்டது. கட்டியவை எத்தனை என்று எண்ணினார்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இலக்கு, ஒவ்வொரு அடுப்புக்கும் மானியம், கட்டுபவருக்கு அடுப்புக்கு இவ்வளவு என்று கூலி. அடுப்பு அடுத்த வருடம் எரிந்தாலும் எரியாவிட்டாலும் அந்தக் கூலியில் மாற்றமில்லை.

இதே காலத்தில் வேறு மாதிரியும் நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ குழுவின் மூன்று பானை அடுப்பு கர்நாடகக் கிராமங்களுக்குப் போனது. பொறியியல் கணக்கில் மிக நல்ல அடுப்பு அது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது சண்டிகருக்குப் பக்கத்தில் சிவாலிக் மலையடிவாரத்தில் நாடா என்ற கிராமத்தில் நடந்தது. மது சரின் ஒரு கட்டடக்கலைஞர். சண்டிகர் என்ற திட்டமிட்ட நகரத்தில் ஏழைகளுக்கு இடமில்லாமல் போனதைப் பற்றி நூல் எழுதியவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கிராமப் பெண்களோடு சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் ‘நாடா சூல்ஹா’. மண்ணும் வைக்கோலும் சாணியும் கொண்டு வீட்டிலேயே கட்டுவது. வடிவம் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை: இரண்டு பானைக் குழி, தடுப்புத் தகடு, புகைபோக்கி. கட்டுபவர் யார் என்பதில்தான் வித்தியாசம். அந்த ஊர்ப் பெண்களே அடுப்பு மேஸ்திரிகளாகப் பயிற்சி பெற்றார்கள். அந்தந்த வீட்டுப் பானைக்குக் குழியின் அளவு, அந்தந்த வீட்டு விறகுக்கு வாயின் அளவு, சமைப்பவள் உட்காரும் பக்கத்துக்கு ஏற்ற முகம் என்று கட்டினார்கள். அரசுத் திட்டம் வந்தபிறகு மது சரின் அதன் இலக்கு வெறியைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். பெண்களின் வேலையாக இருந்த அடுப்புப் போடுதல் கூலியுள்ள தொழிலாக மாறும்போது அந்தக் கூலி ஆண்களுக்குப் போகிற ஆபத்தும் அதில் இருந்தது.

மூச்சை அளக்கும் வேலை டெல்லிக் கட்டுரைக்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் காத்திருந்தது. 1981இல் கர்க் ஸ்மித் என்ற ஆய்வாளரும் இந்தியச் சகாக்களும் குஜராத்தின் நான்கு கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே காற்றை உறிஞ்சும் சிறு கருவியைக் கட்டிவிட்டார்கள். சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 7 மில்லிகிராம் அளவுக்குத் துகள்கள் இருந்தன. தொழிற்சாலைப் புகைக்கூண்டுகளைப் பார்த்துப் பழகிய காற்று மாசு ஆய்வுலகம் அடுப்படிக்குள் எட்டிப்பார்த்தது அப்போதுதான்.

தமிழ்நாட்டுக்கான அளவீட்டைச் செய்தவர் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன். நான்கு மாவட்டங்களில் 436 கிராம வீடுகளில் அவர் குழுவினர் எடுத்த கணக்கு 2002இல் வெளிவந்தது. அதில் மூன்று எண்களை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடுவது வழக்கம். விறகெரிக்கும் வீட்டில் சமைப்பவர் ஒரு நாள் முழுவதும் சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் சராசரியாகக் கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம். சமையலில் ஈடுபடாதவர்களுக்கு 90. எரிவாயு போன்ற தூய எரிபொருள் உள்ள வீடுகளில் 82; அங்கே சமைப்பவர், சமைக்காதவர் என்று பெரிய வேறுபாடில்லை. இந்த மூன்றாவது எண்ணைப் பார்த்ததும் மாணவிகள் ஒரு கணம் பேசாமல் இருப்பார்கள். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், கணவனும் மனைவியும் இரண்டு விதமான காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதை அடுப்பு முடிவுசெய்கிறது. 231க்கும் 90க்கும் நடுவே உள்ளதுதான் வீட்டுவேலைப் பங்கீடு.

எரிபொருளே தூய்மையாக இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், அங்கேயும் வடிவம்தான் பேசுகிறது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வசதியான வீடுகளின் கூடத்தில் அழகுக்காக எத்தனால் கணப்பு வைக்கிறார்கள். கரும்பிலிருந்தோ தானியத்திலிருந்தோ எடுக்கும் சாராயம்தான் எரிபொருள். சரியாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும்தான் மிஞ்சும். கரி இல்லை, சாம்பல் இல்லை, புகைபோக்கியே வேண்டாம் என்று விற்கிறார்கள். புகைபோக்கி இல்லையென்றால் அந்த வாயுவும் ஈரமும் அறைக்குள்ளேயே நிற்கும். அறை பெரிதாகவும் காற்றோட்டத்தோடும் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு: அணையும் நிலையில் இருக்கும் எத்தனால் சுவாலை வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றினால் ஆவி பற்றி, தீ குப்பியின் கழுத்துவரை தாவி, எதிரே நிற்பவர் மேல் பீய்ச்சும். ஆஸ்திரேலியாவில் இப்படிப் பலர் வெந்துபோனார்கள். 2017இல் அங்கே கட்டாய விதி வந்தது. தனியாக நிற்கும் சாதனம் 8 கிலோவாவது எடை இருக்க வேண்டும், அடிப்பரப்பு 900 சதுர சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று அது சொன்னது. சாய்ந்து கொட்டாமலிருக்கத்தான் இந்த அளவுகள். எரிபொருள் ஊற்றும் இடத்தில் தீ தாவாதபடி வலைத்தடுப்பும் கேட்டது. ‘கவனமாக ஊற்றுங்கள்’ என்று பயனாளருக்குப் புத்திசொல்வதோடு நிறுத்தாமல் செய்பவரைப் பிடித்தார்கள். கூடத்தில் அழகுக்கு எரியும் தீக்கு இது சாத்தியமாயிற்று. அடுப்படித் தீயில் வெந்தவளிடம்தான் இன்றைக்கும் புடவைத் தலைப்பைச் சரியாகச் செருகியிருந்தாயா என்று கேட்கிறோம்.

மறுபடி விறகடுப்புக்கு வருவோம். ஒடிசாவில் புகைபோக்கி மண்ணடுப்புகளை வீடுகளுக்குக் கொடுத்து நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள் ரேமா ஹன்னா, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற மூன்று பொருளியலாளர்கள். முதல் வருடம் புகை கொஞ்சம் குறைந்தது. பிறகு குழாய் அடைத்தது, மண் விரிந்தது, பழுதுபார்ப்பார் இல்லை. நுரையீரலில் தேறுதல் எதையும் காண முடியவில்லை. 2012இல் முடிவு வெளிவந்ததும் நல்ல அடுப்பு என்பதே வீண் என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. ஒரு கருவியின் ஆயுள் அதைப் பராமரிக்கும் உழைப்பில் இருக்கிறது. அந்த உழைப்புக்குக் கூலி இல்லை, நேரம் இல்லை, ஏற ஏணி இல்லை என்றால் எந்தக் கருவியும் மண்தான்.

வங்கதேசத்தில் கிரான்ட் மில்லரும் முஷ்ஃபிக் மொபாரக்கும் செய்த ஆய்வு இன்னொரு முடிச்சை அவிழ்க்கிறது. உடல்நலத்துக்கு உதவும் அடுப்பைப் பெண்கள் ஆண்களைவிட அதிகம் விரும்பினார்கள். ஆனால் வாங்கும் முடிவு அவர்கள் கையில் இல்லை. காசு கொடுக்க வேண்டும் என்றதும் விருப்பம் காணாமல்போனது. இருமுபவள் ஒருத்தி, பணப்பையைத் திறப்பவர் வேறொருவர். சந்தையில் தேவை இல்லை என்று நிறுவனங்கள் சொல்லும்போது யாருடைய தேவையைக் கேட்டார்கள் என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

கடைசியில் இந்தியா அடுப்பைத் திருத்துவதை விட்டு எரிபொருளை மாற்றும் வழிக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2007இல் இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கினார்கள். 2016 மே முதல் நாள் உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. இணைப்பு வீட்டுப் பெண்ணின் பெயரில். ஆவணத்தில் அடுப்பு முதல்முறையாகச் சமைப்பவளுக்குச் சொந்தமானது. சிலிண்டர் நிரப்பும் பணம் மட்டும் பழைய பையிலேயே இருந்தது. உஜ்வலா வீடுகள் சராசரியாக ஆண்டுக்கு நான்கு சிலிண்டர்கூட வாங்கவில்லை என்று மத்தியத் தணிக்கைத் துறை 2019இல் கணக்குக் கொடுத்தது. வீட்டுக்குள் நடக்கும் எரிப்பின் புகையால் 2020இல் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

என் அத்தை வீட்டில் இப்போது இரண்டு பர்னர் எரிவாயு அடுப்பு இருக்கிறது. காப்பி, குழம்பு, பேரப்பிள்ளைகளுக்கு அவசரத்துக்கு நூடுல்ஸ் எல்லாம் அதில். குளிக்க வெந்நீர், மாட்டுக்குத் தவிடு கலந்த கஞ்சி, நெல் அவியல், விருந்தாளி வந்தால் பெரிய பானைச் சோறு எல்லாம் கொல்லையில் மூன்று கல் அடுப்பில். சிலிண்டர் தீர்ந்துவிடக் கூடாதே என்று இராத்திரி உலையும் பல நாள் அங்கேதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வந்து ‘முதன்மையான எரிபொருள் என்ன’ என்று திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் கேட்டபோது, அவர் ‘கேஸ்’ என்று சொன்னார். படிவத்தில் அந்த ஒரு கட்டம்தான் இருந்தது. அத்தை அப்போது கொல்லையில் ஊதிக்கொண்டிருந்தார்.